நிழலுக்கு மாலை

1944ஆம் ஆண்டு அக்டோபர் 16, தீபாவளி நாள். சென்னை பிராட்வே திரையரங்கில் 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. அதே அரங்கில் அது 1945ஆம் ஆண்டுத் தீபாவளியையும் கண்டது. 1946ஆம் ஆண்டுத் தீபாவளியையும் கண்டது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று முதியோர் பெருமிதத்தோடு கூறுவர். அவர் வழி கேட்ட பேரப்பிள்ளைகளும் கூறுவர். கூறுவோர் ஒன்றை மட்டும் கூறாது விடுவர். அம்மூன்றில் இரண்டு தீபாவளிகளை, அந்தப் படத்தின் நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர் சிறைக் கொட்டடியில் கழித்தார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! திரையிலே அவர் பட்டுடுத்திப் பாடுகிறார். கூட்டம் மெய்ம்மறக்கிறது. அந்த நேரத்தில், பாடியவர் கம்பிகளுக்குப் பின்னே கைதியாக உட்கார்ந்திருக்கிறார். நிழலுக்கு ஆரவாரம், நிழலுக்கு உரியவருக்கு இருட்டறை. அரங்கை விட்டு வெளியேறிய ஆயிரமாயிரம் பேரில் எத்தனை பேர் உள்ளத்தில் அந்த இரவு இந்த முரண் உறுத்திற்று? ஒருவர் உள்ளத்திலும் உறுத்தவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உறுத்தியும், மறுநாள் மற்றொரு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள் என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

கலைஞன் ஒருவன் மறைந்தபின் நாம் அவனை நினைக்கிறோம், உருகுகிறோம், படத்துக்கு மாலை சூட்டுகிறோம். நாம் நினைப்பது யாரை? திரையில் ஆடிய நிழலையா, அந்த நிழலைத் தந்த மனிதனையா? இக்கேள்விக்கு விடை காணப் பாகவதர் வாழ்வைவிடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டுத் திரைவரலாற்றில் இல்லை என்பேன்.

இளைஞர்க்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது. 1944இல் பத்து வயதுச் சிறுவனாகத் தரை டிக்கெட்டில் அமர்ந்து 'ஹரிதாஸ்' பார்த்தவருக்கு இன்று தொண்ணூறு வயது கடந்துவிட்டது. 1910ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் தியாகராஜன். திருச்சியில் வளர்ந்தார். பெரிய கல்வி இல்லை. செல்வப் பின்னணி இல்லை. நாடகமேடைதான் பள்ளிக்கூடம். ஒலிபெருக்கி இல்லாத மேடையிலே, கடைசி வரிசையில் நிற்பவன் காதுக்கும் எட்டப் பாட வேண்டும். எட்டாவிட்டால் அவன் எழுந்து போய்விடுவான். அந்தப் பட்டறையில் அடித்து நீட்டிய குரல் அது. 1934இல் 'பவளக்கொடி' வழியாகத் திரைக்கு வந்தார். 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'திருநீலகண்டர்', 'அசோக் குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' என வெற்றி தொடர்ந்தது. அவர் தலைமுடியை வாரிய விதம் 'பாகவதர் கிராப்' எனப் பெயர் பெற்றது. முடிதிருத்தும் நிலையத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அப்படங்களின் கதைகளோடு நமக்கு உடன்பாடு கிடையாது. புராணக் கதைகளும் பக்திப் பெருக்குமாக ஓடிய காலம் அது. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. உயர்ந்தோர் என்று தம்மைக் கருதிக்கொண்டோரின் சபைகளில் பிறமொழிப் பாட்டே பாட்டு என்றிருந்த நாளில், ஏர் உழுபவனும் வண்டி ஓட்டுபவனும் செவ்விய இசையைத் தன் தாய்மொழியில் முணுமுணுக்கக் காரணமானவர்களில் பாகவதர் தலையாயவர். (அந்தப் பாட்டுகளில் பலவற்றை எழுதியவர் பாபநாசம் சிவன், இசையில் துணை நின்றவர் ஜி. இராமநாதன். நிழலை வணங்குவோர்க்குத் திரைக்குப் பின்னால் இருப்பவர் தெரிவதே இல்லை என்பது தனிக்கதை.)

இத்தகைய ஒருவருக்கு வீழ்ச்சி எப்படி வந்தது? வழக்கால் வந்தது என்பர். வழக்குக்கு முன்பே அதற்கான விதை தூவப்பட்டிருந்தது. தூவிய கைகளில் ரசிகர் கையும் ஒன்று.

'சினிமா தூது' என்றோர் இதழ் நடந்தது. நடத்தியவர் லட்சுமிகாந்தன். நடிகர் நடிகையர் வீட்டுப் படுக்கையறைச் செய்திகள் என்று சொல்லி எழுதுவதே அதன் தொழில். உண்மை எது, புளுகு எது என்று படித்தவர் கேட்கவில்லை. சுவையாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டனர். பாகவதர் உள்ளிட்ட கலைத்துறையினர் ஆளுநரிடம் முறையிட, இதழுக்குரிய அனுமதி பறிபோயிற்று. பின்னர் அதே சரக்கு 'இந்து நேசன்' என்ற வேறு பெயரில் வெளிவந்தது. விற்றதா? விற்றது. வாங்கியவர் யார்? வானத்திலிருந்து இறங்கி வந்தவர்களா? காலையில் இதழை வாங்கிப் படித்து நகைத்தவனே மாலையில் சீட்டு வாங்கிப் பாட்டுக் கேட்டு உருகினான். ஒரே பையிலிருந்துதான் இரண்டுக்கும் காசு போயிற்று. ஒரு கையால் மாலை, மறு கையால் சேறு. இரண்டையும் செய்தவன் தன்னை 'பாகவதர் பித்தன்' என்றுதான் அழைத்துக்கொண்டான்.

1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரும் குற்றமற்றவர் என விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாழ்வு, செய்யாத குற்றத்துக்காக. லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இன்றளவும் விடையற்ற வினாவாகவே நிற்கிறது.

நீதிமன்றம் விடுவித்தது. ரசிகர் உலகம் விடுவித்ததா? சட்டத்தின் முன் அவர் நிரபராதி. திண்ணையின் முன் அவர் "எப்படியோ தப்பியவர்". தீர்ப்பின் ஒரு வரியையும் படியாதவன், தலையை ஆட்டி, கண்ணைச் சிமிட்டி, "நெருப்பில்லாமல் புகையுமா?" என்றான். அந்தக் கண்சிமிட்டல் அதோடு ஓயவில்லை. அவர் பெயரைச் சொன்னால், பாட்டுக்கு அடுத்தபடி கொலைவழக்கைச் சொல்வோரும், வழக்கைச் சொல்லிவிட்டு விடுதலையைச் சொல்ல மறப்போரும் இன்றும் இருக்கிறார்கள். கைதான செய்தி காட்டுத்தீயாய்ப் பரவுகிறது. விடுதலைச் செய்தி நொண்டி நடக்கிறது. குற்றமற்றவன் என்று நாட்டின் நீதி சொன்னபின், அவனைக் குற்றவாளியாக நினைவில் வைத்திருப்பதும் ஒரு தண்டனைதான். அதை விதிப்பவர் கறுப்பு அங்கி அணிந்திருப்பதில்லை. அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

சிறைக்கு முன் அவரை ஒப்பந்தம் செய்ய வரிசையில் நின்றவர் பலர். மீண்டபின் அந்த வரிசை கலைந்துவிட்டது. 1948இல் 'ராஜமுக்தி'. 1952இல் 'அமரகவி', 'சியாமளா'. 1957இல் தாமே இயக்கிய 'புதுவாழ்வு'. பழைய கூட்டம் இல்லை. பழைய ஆரவாரம் இல்லை.

இங்கே நாம் நேர்மையோடு ஒரு வாதத்தைக் கேட்க வேண்டும். சுவை மாறிவிட்டது, காலம் மாறிவிட்டது, அதற்கு ரசிகன் என்ன செய்வான்? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. 1949இல் 'வேலைக்காரி' வந்தது. 1950இல் 'மந்திரிகுமாரி' வந்தது. 'அமரகவி' வந்த அதே 1952இல்தான் 'பராசக்தி'யும் வந்தது. நாற்பது ஐம்பது பாட்டுகள் கேட்டுப் பழகிய காது, உரையாடலுக்கு ஏங்கத் தொடங்கிற்று. அறிஞர் அண்ணாவின் எழுதுகோலும் கலைஞர் கருணாநிதியின் எழுதுகோலும் திரையைப் பேச வைத்தன. பசியைப் பற்றி, பண்ணையாரைப் பற்றி, பூசாரியைப் பற்றிப் பேச வைத்தன. பாட்டு அரசோச்சிய அரங்கில் பேச்சு முடிசூடிக்கொண்டது. அந்த மாற்றம் வேண்டாதது என்று நாம் எப்படிச் சொல்வோம்? வேண்டியது, வந்தே தீரவேண்டியது.

ஆகவே, 'அமரகவி'க்குப் போகாமல் 'பராசக்தி'க்குப் போனவனை நான் குறை கூறவில்லை. சுவைக்கு விலங்கிட முடியாது. கடமைக்காகப் படம் பார்ப்பது கலைக்குச் செய்யும் அவமதிப்பு. ஆனால் கலையை விட்டு நகர்வது வேறு. கலைஞனைக் கைகழுவுவது வேறு. முதலாவது சுவையின் உரிமை. இரண்டாவதற்கு என்ன பெயர் இடுவது? பாட்டு வேண்டாமென்றால் எழுந்து போகலாம். பாடியவர் எதிரே வந்தால் வணங்கக்கூடவா கூடாது? படம் ஓடவில்லை என்பது வேறு. "தொலைந்தான் அவன்" என்று நகைத்தது வேறு.

அவரோடு சிறைபுகுந்த கலைவாணரைப் பாருங்கள். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை. ஆனால் கலைவாணர் மீண்டும் மக்கள் நடுவே எழுந்தார். 1949இல் அண்ணாவின் எழுத்தில் உருவான 'நல்லதம்பி'யில் நடித்தார். 1957இல் மறையும்வரை மக்கள் செல்வராகவே விளங்கினார். அவர் கலை பேச்சு. வந்த காலமும் பேச்சின் காலம். அவர் சிரிக்கவைத்த மனிதர். சிரிப்பு சிறைக்குப் போய்வந்தாலும் சிரிப்புத்தான். பாகவதரோ ஒரு கனவின் உருவம். பட்டு, பொன், மணம், மெருகு, மாசற்ற அழகு! கனவுக்குக் கைவிலங்கு பூட்டியதைக் கண்டவன், அந்தக் கனவை மறுபடி காண மறுத்தான். மனிதனை நேசித்திருந்தால் விலங்கு நேசத்தைக் கூட்டியிருக்கும், நேசித்தது கனவை. கலைவாணரிடம் மக்கள் கண்டது தம்மில் ஒருவரை. பாகவதரிடம் கண்டது தாம் ஒருநாளும் ஆக முடியாத ஒருவரை. அத்தகையவர் வீழ்ந்தால் கைதூக்கி விட எவருக்கும் தோன்றுவதில்லை; வேடிக்கை பார்க்கத்தான் தோன்றுகிறது.

"காசு கொடுத்தோம்; பாட்டுக் கேட்டோம்; கணக்குத் தீர்ந்தது. இதில் கடன் எங்கிருந்து வந்தது?" என வினவுவோர் உண்டு. வணிகம் என்றால் கணக்குத் தீர்ந்ததுதான். வேட்டி வாங்கியவன், கடைக்காரன் நொடித்துப்போனால் ஓடோடிச் சென்று கண்ணீர் விடத் தேவையில்லை. ஆனால், எந்தக் கடைக்காரன் படத்தை நம் வீட்டுச் சுவரில் மாட்டினோம்? எந்தக் கடைக்காரன் முடியழகை நம் தலையில் ஏற்றுக்கொண்டோம்? வணிகம் என்று பேசுவோர் வணிகராகவே நடந்திருக்கலாம், தவறில்லை. அன்பு என்றார்கள், உயிர் என்றார்கள், எங்கள் பாகவதர் என்றார்கள். 'எங்கள்' என்று உரிமை கொண்டாடுவோர்க்கு உரிமையோடு ஒட்டிய பொறுப்பும் உண்டல்லவா?

பொறுப்பு என்றதும், தலையை வெட்டிக் காலில் வைக்கச் சொல்வதாக எவரும் கருத வேண்டா. அந்த எல்லைக்கும் நம் நாடு போயிருக்கிறது. 1987 டிசம்பர் 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்தபோது, துயரம் தாங்காது தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் பலர். அவர்தம் வீடுகளில் அடுப்பெரியச் செய்தது யார்? பிள்ளைகளைப் படிக்க வைத்தது யார்? வீழ்ந்தவரை மறந்தது ஒரு முனை. மறைந்தவருக்காக மாய்ந்தது மறுமுனை. பார்வைக்கு எதிரெதிர். வேர் ஒன்றே. இரண்டிலும் எதிரே இருப்பவர் ஒரு மனிதர் அல்லர். நம் ஏக்கத்தை ஏற்றிவைத்த ஓர் உருவம்.

ஆயினும் அந்த உருவத்துக்காகச் சிந்தும் கண்ணீர் பொய்யா? பொய்யன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நான் ரசிகர்க்கு அநீதி இழைத்தவனாவேன். பகலெல்லாம் பாடுபட்டு, இரவில் டூரிங் கொட்டகை மணலில் அமர்ந்தவனுக்கு அந்தக் குரல் தந்த மூன்று மணிநேர விடுதலை மெய்யானது. அந்தப் பாட்டைக் கேட்டபடி காதலித்தவன் உண்டு. அதைப் பாடிக் குழந்தையை உறங்கவைத்த தாய் உண்டு. ஐம்பது ஆண்டு கழித்து எங்கிருந்தோ அந்தப் பாட்டு காற்றில் வரும்போது, கிழவரின் கண் கலங்குகிறது. கலங்குவது பாகவதருக்காக மட்டுமா? அவர் இழந்த இளமைக்காகவும், மறைந்த மனைவிக்காகவும், இடிந்துபோன அந்தக் கொட்டகைக்காகவும் சேர்த்துத்தான். கலைஞனின் நினைவைச் சாக்கிட்டுத் தம்மையே நினைத்துக்கொள்கிறார். இது இயல்பு, இதில் இழிவில்லை. ஆனால், நம் இளமைக்காக அழுததை அவருக்குச் செலுத்திய நன்றி என்று கணக்கெழுதக் கூடாது.

1959ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் பாகவதர் மறைந்தார். வயது ஐம்பதுகூட நிறையவில்லை. மறைந்தபின்னே தொடங்கிற்று கதை கட்டும் வேலை. தங்கத் தட்டில் உண்டவர் என்பது ஒரு கதை. ஒருவேளைச் சோற்றுக்கு வழியின்றித் தவித்தவர் என்பது மற்றொரு கதை. எங்கே கண்டீர் எனக் கேட்டால் "சொல்லக் கேள்வி" என்பர். முதற்கதையில் தட்டு பொன்னாக இருந்தால்தான் இரண்டாம் கதையில் வீழ்ச்சி வேண்டிய அளவு ஆழமாகும்! உயரத்தை வியக்கும் நாக்கும் பள்ளத்தைச் சுவைக்கும் நாக்கும் ஒன்றே. 'இந்து நேசன்' மறைந்தது. அதைப் படித்த சுவை மறையவில்லை. இரங்கல் உடை உடுத்திக்கொண்டு வந்து, "ஐயோ, எப்படி இருந்தவர் எப்படி ஆனார் தெரியுமா?" என்று தொடங்குகிறது. கேட்பவரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்கிறார்.

உண்மை இந்தக் கதைகளைவிட எளியது, கதைகளைவிடச் சிறந்தது. புகழ் போனபின்னும் அந்த மனிதர் பாடிக்கொண்டிருந்தார். இறுதி ஆண்டுகளிலும் கச்சேரி மேடை ஏறினார். திரை கைவிட்டபின் தாம் தொடங்கிய இடத்துக்கே, நேருக்கு நேர் மக்கள் அமர்ந்து கேட்கும் மேடைக்கே, திரும்பிச் சென்றார். தோல்வி கண்ட ஒருவர் தம் தொழிலை விடாது செய்தார் என்பதில் கண்ணீருக்கு இடமில்லை, மதிப்புக்கு இடமுண்டு. இதை எடுத்துச் சொல்லும் ரசிகரை நான் அரிதாகவே காண்கிறேன். கதையில் பொன்னும் இல்லை, பிச்சையும் இல்லை, சுவைக்காது போலும்!

சரி, நினைவுகூர விரும்புவோர் என்னதான் செய்ய வேண்டும்? சிலையும் மாலையும் வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை, வைப்போர் வைக்கட்டும். மார்ச் 1ஆம் நாளிலும் நவம்பர் 1ஆம் நாளிலும் அவர் பெயரால் கூடுவோர், பாட்டு முடிந்தபின் ஐந்து மணித்துளி ஒதுக்கி, 1947ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்த செய்தியை, கூடியிருக்கும் பிள்ளைகளின் காதில் விழும்படி சொல்லட்டும். 'வழக்கில் சிக்கியவர்' என்று தொடங்கும் ஒவ்வொரு பேச்சையும் 'குற்றமற்றவர்' என்று முடிக்கட்டும்.

அடுத்து ஒரு வேலை காத்திருக்கிறது. அதற்கு மாலைவேண்டாம், ஏணி வேண்டும். தமிழின் முதற்பேசும் படமான 1931ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' இன்று இல்லை. 1930களில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களில் மிகப்பல படச்சுருளாகவே இல்லை. புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது 1964இல்தான். அதற்குள் எத்தனையோ சுருள்கள் வெப்பத்தில் உருகியும் ஈரத்தில் ஒட்டியும் மண்ணாகிவிட்டன. நிழலை நேசித்தோம் என்றோமே, அந்த நிழலையாவது காத்தோமா? அதுவும் இல்லை! எஞ்சியிருப்பவை சில படங்களும், அரக்குக் கலவையில் வார்த்த அந்த 78 சுழற்சி இசைத்தட்டுகளும். கீழே விழுந்தால் நொறுங்கிவிடும் பொருள் அது. திருச்சியிலும் தஞ்சையிலும் மதுரையிலும், தாத்தா வாங்கிவைத்த தட்டுகள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில், உடைந்த தொட்டிலுக்கும் பழைய பஞ்சாங்கத்துக்கும் நடுவே கிடக்கின்றன. வீடு இடிக்கும் நாளில் அவை பழைய சாமான் வண்டியில் ஏறிவிடும். அதற்கு முன், பரணில் ஏறி, தூசி தட்டி, தட்டின் நடுவே அச்சிட்ட பெயர்களைப் படித்து, பாடியவர் பெயரோடு பாட்டெழுதியவர் பெயரையும் சேர்த்துக் குறித்து, நகலெடுத்துக் காக்கும் நூலகத்திலோ கல்லூரியிலோ ஒப்படைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.